தேன்பாயின் நாலாவது கேள்வி

வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிற ஒரு வியாபாரியை எனக்குத் தெரியும். அறுபதுகளில், பம்பாயில். வரிசையாக ஒற்றை ரூம்கள் உள்ள எங்கள் தாராவிச் சாலில் அவரைத் தேன்பாய் என்போம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவரே அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை என்பதால் நானும் இங்கே எழுதவில்லை.

தென்காசிப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சாரம், முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் எப்போதும் பூட்டியே இருக்கும். தேனீயிடம் கொட்டு வாங்கி வாங்கி அவருடைய இடது கைப் பெருவிரல் வலது கைப் பெருவிரலைவிடப் பருத்திருக்கும். குடியிருந்தது எங்கள் சாலுக்கு இரண்டு சந்து தள்ளி. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பூக்கடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போய்விடுவார். அங்கே ஒரு பார்சிக் கிழவியின் பங்களாவுக்குப் பின்னால், நாவல் மரங்களின் கீழே, அவருடைய தேன்பெட்டிகள் இருந்தன.

தேனை யார் கேட்டாலும் கொடுப்பார். மாட்டுங்கா வீடுகளில் அபிஷேகத்துக்கும் மருந்து குழைக்கவும் அவரிடம்தான் வாங்குவார்கள். ஆனால் தேன் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வாயகன்ற தெர்மாஸ் பிளாஸ்க் ஒன்று இருக்கும். அதைத் திறப்பதற்குத்தான் அவருக்கு அவ்வளவு யோசனை.

பிளாஸ்க்குக்குள் ஐஸ் துண்டுகள். நடுவே, தண்ணீர் படாமல் ரப்பர் பையில் கட்டிய சுண்டுவிரல் நீளச் சீசாக்கள். வெளிச்சமும் ஆகாது என்று ஒவ்வொரு சீசாவுக்கும் போட்டோ ஸ்டுடியோவில் கேட்டு வாங்கிய கறுப்புக் காகிதத்தைச் சுற்றியிருப்பார். உள்ளே இருப்பது ராயல் ஜெல்லி. பாய் அதை ராணிச் சோறு என்பார். இளம் தேனீக்களின் தலையில் பால் மாதிரிச் சுரக்கிறது. எல்லாப் புழுவுக்கும் முதல் மூன்று நாள் அதைத்தான் ஊட்டுகின்றன. ராணியாக வளர்க்கிற புழுவுக்கு மட்டும் கடைசிவரை அதே சாப்பாடு. கூட்டில் நிலக்கடலை மாதிரித் தொங்கும் ராணி அறையைத் திறந்து, மூங்கில் குச்சியால் வழித்து எடுக்க வேண்டும். ஒரு சீசா சேர்வதற்குப் பல அறைகள் ஆகும்.

அந்தக் காலத்தில் ராயல் ஜெல்லி என்றால் ஒரே பேச்சு. வெளிநாட்டில் கிழவர்கள் எழுந்து நடக்கிறார்கள், நரைத்த முடி கறுக்கிறது என்று இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு ஆபீஸ்காரர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். பாய் அவர்களை உட்காரவைத்து மூன்று கேள்வி கேட்பார்.

"யாருக்கு? மழைக்காலத்துல மூச்சு இழுக்குமா? தேனீ, குளவி கொட்டினா உடம்பு தடிக்குமா?"

இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ ஆமாம் என்று பதில் வந்தால் பிளாஸ்க் திறக்காது. இல்லை என்றாலும் உடனே கிடைக்காது. சாப்பிடப் போகிறவர் நேரில் வர வேண்டும். குச்சி நுனியில் கடுகளவு எடுத்து முதலில் மணிக்கட்டில் தடவுவார், பிறகு உதட்டில் தொடுவார். அதோடு அரை மணி நேரம் அவர் எதிரில் உட்கார வேண்டும். டீ அவர் செலவு. "பொண்ணு பாக்க வந்தவங்களைக்கூட இம்புட்டு நேரம் உக்கார வைக்க மாட்டாங்க பாய்" என்று பூக்கடைக்காரர் கேலி செய்வார். "பொண்ணு பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிரலாம். தொண்டை அடைச்சா எங்க போவ?" என்பார் பாய்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யாரோடு பேசினாலும் அவர் கண்ணைப் பார்க்க மாட்டார். உதட்டைப் பார்ப்பார், பிறகு கழுத்தை. காது சரியாகக் கேட்காதவர் போலிருக்கிறது, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காரில் ஒரு சேட் வந்தார். அறுபதைத் தாண்டியவர், சமீபத்தில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவர் என்று பூக்கடைக்காரர் என் காதில் சொன்னார். சேட் குனிந்து மெதுவாக, "பாய், ஜவானி திரும்புமா?" என்று கேட்டார், போன வாலிபம் வருமா என்று.

பாய் பம்பாய் இந்தியில் சத்தமாகவே பதில் சொன்னார். "சேட், இதைத் தின்னுட்டு ராணி என்ன பண்ணுது? காலையிலேர்ந்து சாயங்காலம் வரை முட்டை போடுது. உங்களுக்கு முட்டை போடணுமா?"

பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சேட் முகம் சிவந்து காரில் ஏறிக்கொண்டார்.

"வாய் இனிக்கத் தேன் விக்கிற ஆளு, நாக்குல மட்டும் கொடுக்கு வச்சிருக்கீரு" என்றார் பூக்கடைக்காரர்.

"புல்லைத் தின்னு மாடு பால் குடுக்கு. அதுக்காக நாம புல்லு தின்னாப் பால் வருமா வே? பூச்சிக்கு ராணியாக்குற சோறு மனுசனை ராஜாவாக்கும்னு யாரு சொன்னா?"

இன்னொரு நாள் ஒரு பாலக்காட்டு மாமி வந்தார். டைபாய்டிலிருந்து எழுந்த மகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆபீஸில் யாரோ இதைச் சொன்னார்களாம். மகனையும் கூட்டி வந்திருந்தார். மூன்று கேள்வியும் முடிந்தன. பையனுக்கு இழுப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. பாய் பிளாஸ்க்கைத் திறக்கப் போனபோது மாமி கேட்டார்.

"இது சைவம்தானே? பால் மாதிரின்னு சொன்னாளாக்கும்."

"பால் மாதிரித்தான் மாமி. குழந்தைக்குத் தாய் ஊட்டுற மாதிரி பூச்சி தன் புழுவுக்கு ஊட்டுது."

"அப்போ சரி."

"ஆனா ஒண்ணு சொல்லிருதேன். அந்த அறைக்குள்ள புழு உசிரோட இருக்கும். அதை எடுத்து வெளியே போட்டாத்தான் இது கிடைக்கும். ஒரு அறைக்கு ஒரு புழு."

மாமி பிளாஸ்க் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "இதை ஏன் சொன்னேள்? சொல்லாட்டா வாங்கிண்டு போயிருப்பேனே."

"அதான் சொன்னேன்" என்றார் பாய். பிறகு, "இதுல இருக்கறது பாதிக்கு மேல தண்ணி. மிச்சத்துல பருப்புல இருக்குற மாதிரிச் சத்து, கொஞ்சம் சீனி, கொஞ்சம் கொழுப்பு, வைட்டமின். திங்கப் போறதோ பயத்தம்பருப்பு அளவு. அதுல எம்புட்டு வந்திரும்? பையனுக்குப் பயறு வேகவச்சு, தேங்காய் போட்டுக் குடுங்க. தயிரு குடுங்க. காலையில வெயில்ல நடக்கச் சொல்லுங்க" என்றார்.

"அப்போ இதுனால பிரயோஜனமே இல்லையா?"

"பசி எடுக்குதுன்னு சில பேரு சொல்லுதாங்க. நல்லாத் தூக்கம் வருதுன்னு சொல்லுதாங்க. ஒண்ணுமே தெரியலைன்னும் நிறையப் பேரு சொல்லுதாங்க. நான் எல்லாரையும் கேட்டுத்தான் வச்சிருக்கேன். மருந்துன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன் மாமி. இது சோறு. ராணியோட சோறு."

மாமி தேன் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அந்த மாதிரி எத்தனை வியாபாரம் என் கண் முன்னால் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. ஏதோ வினோதமான மனிதர் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு விஷயம் வரும்வரை.

நான் எட்டாவது வரை படித்தவன். விக்ரோலியில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டின்னுக்கு மூடி அழுத்தும் மெஷினில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் என் மனைவிக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இரண்டாவது தடவைக்குப் பிறகு எழுந்து நடக்கவே அவளுக்குத் தெம்பில்லை. உடம்பில் ரத்தம் இல்லை, நன்றாகத் தேறின பிறகுதான் அடுத்த யோசனை என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதி நாள் சாப்பிட மாட்டாள். மாதா மாதம் சஷ்டி விரதம் மட்டும் விடமாட்டாள். நானும் அவளுமாகப் பகலெல்லாம் பட்டினி இருந்து, சாயங்காலம் எங்கள் ரூமில் இருந்த சின்னப் பித்தளை வேலுக்குப் பஞ்சாமிர்தம் அபிஷேகம் செய்து, அந்தப் பிரசாதத்தைச் சாப்பிட்டுத்தான் விரதம் முடிப்போம்.

கம்பெனியில் ஒரு கிளார்க் சொன்னார். "சாதாரணத் தேனீ முட்டையே போடாது. அதே ஜாதிப் புழுவுக்கு இதை ஊட்டினால் நாளைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை போடுகிற ராணியாகிறது. வேலைக்காரத் தேனீ சில வாரத்தில் செத்துப்போகிறது, ராணி வருஷக்கணக்கில் இருக்கிறது. இதைவிட உன் சம்சாரத்துக்கு வேறென்ன வேணும்?"

முருகனே அவர் வாயால் சொன்னதாக எனக்குப் பட்டது. பாய் சேட்டுக்குச் சொன்ன பதிலைக் கேட்டுச் சிரித்தவன்தான் நான். ஆனாலும் என் மனைவிக்கு என்று வந்தபோது அந்தப் பதில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலை பாயிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மழைக்காலத்துல இழுக்குமா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆடி ஆவணியில கொஞ்சம் இழுக்கும். பெருசா ஒண்ணுமில்ல."

"அப்ப வேண்டாம் தம்பி."

"பாய், ரெண்டு பிள்ளை போயிருச்சு பாய்."

"கேட்கவே கஷ்டமா இருக்கு. அதுக்காகத்தான் வேண்டாங்கேன். பேரீச்சம்பழம் குடு, முருங்கைக்கீரை குடு. டாக்டர் குடுத்த மாத்திரையைச் சோத்துக்குப் பின்னால குடு, பிரட்டாது. செம்பூருல முருங்கை நிறைய நிக்கி, நானே ஒடிச்சுக் கொண்டாரேன்."

சொன்னபடி அன்று சாயங்காலமே ஒரு கட்டு முருங்கைக்கீரை எங்கள் ரூம் வாசலில் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. கையில் அமிர்தத்தை வைத்துக்கொண்டு கீரை கொடுக்கிறாரே என்று.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் போனேன். நைட் ஷிப்டில் எனக்கு உடம்பு அசந்துபோகிறது, ராணிச் சோறு எனக்கு வேண்டும் என்றேன். மூன்று கேள்வி கேட்டார். எனக்கு இழுப்பு கிடையாது. மணிக்கட்டில் தடவினார். உதட்டில் தொட்டார். சுள்ளென்று புளித்தது. அரை மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உனக்குத்தான தம்பி?"

"எனக்குத்தான்."

"வீட்டுக்குக் குடுக்க மாட்டியே?"

"முருகன்மேல ஆணையா எனக்குத்தான் பாய்."

கறுப்புக் காகிதம் சுற்றிய சீசாவை என் கையில் வைத்தார். "இது பதினஞ்சு நாளைக்கு. தினம் காலையில வெறும் வயித்துல, குச்சி நுனியில எடுத்து நாக்குக்கு அடியில வையி. அவசரப்பட்டு நிறைய எடுக்காத" என்றார். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய் ஈரத் துணி சுற்றிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

அன்றைக்குச் சஷ்டி. வழியெல்லாம் பொய்ச் சத்தியம் மனதை அறுத்தது. வீட்டுக்கு வரும்போது அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இதை என் மனைவிக்குக் கொடுத்தால்தானே சத்தியம் கெடும்? வேலுக்கு அபிஷேகம் செய்துவிட்டால் அது சாமியுடையதாகிவிடும். சாமி கொடுக்கிற பிரசாதம் வேறு, நான் கொடுப்பது வேறு. முருகன் தொட்டதை அவள் உடம்பு தள்ளாது. எட்டாவது படித்தவனின் வக்கீல் புத்தி இது. சாமியை நம்பினேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சாமியைத் தரகராக்கினேன்.

சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில் பஞ்சாமிர்தம் பிசைந்தேன். பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், பேரீச்சை, தேன். அதில் அந்தச் சீசாவை முழுதாக வழித்துப் போட்டேன். பதினைந்து நாளைக்கு உள்ளது ஒரே தடவையில் போனால் சீக்கிரம் பலன் கிடைக்கும் என்று நினைத்தேன்.

வேலுக்கு அபிஷேகம் ஆனது. கற்பூரம் காட்டினேன். பகலெல்லாம் பட்டினி கிடந்தவள், கண்ணில் ஒற்றிக்கொண்டு, கை நிறைய வாங்கிச் சாப்பிட்டாள்.

கற்பூரம் அணைவதற்குள் அவள் உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தாள். பிறகு கழுத்தை. உதடு தடித்தது. "என்னமோ பண்ணுதுங்க" என்றாள். அடுத்த மூச்சு விசில் மாதிரி வந்தது. பக்கத்து ரூம் அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து, "ஏல டாக்ஸி பிடிங்கல" என்று கத்தினாள். அக்காவின் வீட்டுக்காரரும் நானுமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் இந்தியில் கேட்டார். "முன்னாலேயே இழுப்பு உண்டா?"

"உண்டு."

"இன்றைக்குப் புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா?"

"பூஜைப் பிரசாதம்" என்றேன். "எப்போதும் சாப்பிடுவதுதான்."

பொய் அப்படித்தான் வந்தது. தானாக, சரளமாக. நான் சொன்னதை வைத்து அவர் இழுப்புக்கு உள்ள ஊசியைப் போட்டார். அவளுக்கு அடங்கவில்லை. கண் மேலே போனது. வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். என் மனைவி காதிலும் விழும். நான் கந்தனின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டு சும்மா நின்றேன்.

அப்போது தேன்பாய் ஓடிவந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், காலில் செருப்பு இல்லை. எங்கள் ரூமைப் பூட்டப் போன அக்கா, சாமி மாடத்தில் கறுப்புக் காகிதச் சீசாவைப் பார்த்திருக்கிறாள். அது யாருடைய சீசா என்று தாராவியில் தெரியாதவர் கிடையாது. அதை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியின் உதட்டைப் பார்த்தார். டாக்டரிடம் போய்க் காலிச் சீசாவை நீட்டினார்.

"டாக்டர் சாப், இது அவங்களுக்கு வழக்கமா வர்ற இழுப்பு இல்லை. தேனீயோட ராயல் ஜெல்லி சாப்பிட்டிருக்காங்க. முழுச் சீசா. இது ஒத்துக்காத உடம்பு. தேனீ கொட்டி மூச்சு அடைச்சவங்களுக்குப் போடுவீங்களே, அந்த ஊசி வேணும்."

"யார் கொடுத்தது?"

"என் சரக்கு. நான் கொடுத்தது."

டாக்டர் நர்ஸிடம் வேறு ஊசி கேட்டு வாங்கிப் போட்டார். போட்டுக்கொண்டே பாயைத் திட்டினார். தெருவில் உட்கார்ந்து கண்டதை விற்று ஆட்களைக் கொல்லுகிறீர்கள், போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா சாப்" என்றார். இவன் பொய் சொல்லி வாங்கினான் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் சொல்லவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக விசில் சத்தம் குறைந்தது. அவள் மூச்சு சீரானதைப் பார்த்த பிறகுதான் பாய் கிளம்பினார்.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். அதற்குள் சாலில் பேச்சு பரவியிருந்தது. பாய் சாமிப் பிரசாதத்தில் எதையோ கலக்கக் கொடுத்துவிட்டார் என்று. சிலர் அதைவிட மோசமாகவும் பேசினார்கள். அவரிடம் தேன் வாங்கக்கூடாது என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். என் காதிலும் விழுந்தது. எட்டு நாள் நான் காது கேளாதவனாக இருந்தேன்.

எட்டாம் நாள் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள். "அன்னைக்குப் பஞ்சாமிர்தத்துல என்ன போட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் செய்ததையும், டாக்டரிடம் மறைத்ததையும்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "வாயில வச்ச உடனே புளிச்சுது. சுள்ளுனு இருந்துச்சு. கெட்டுப்போச்சோன்னு துப்பப் பாத்தேன். சாமிப் பிரசாதமாச்சே, எப்பிடித் துப்பன்னு முழுங்கிட்டேன்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அந்த மனுசன்கிட்டப் போய்ச் சொல்லுங்க முதல்ல. அப்புறமா முருகன்கிட்டச் சொல்லலாம்" என்றாள்.

அன்றே செம்பூருக்குப் போனேன். பாய் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "அங்கேயே நில்லு. கற்பூர வாசனை அடிக்கு உம்மேல, பூச்சிக்கு ஆகாது" என்றார். வேலையை முடித்து, மூடியைப் பொருத்தி, அதன்மேல் கல்லை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா பாய். நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்."

"தெரியும்."

"டாக்டர்கிட்ட ஏன் அதைச் சொல்லலை?"

"அவரு என்ன சாமான்னு கேட்டாரு. யாரு பொய் சொன்னதுன்னா கேட்டாரு? ஊசி போடுததுக்கு அது எதுக்கு?"

"எம்மேல கோவமே இல்லையா?"

"இல்லாம இருக்குமா? மூணு நாள் சோறு தொண்டையில இறங்கலை. கோவம் உம்மேல பாதி, எம்மேல பாதி." அவர் நாவல் மரத்தடியில் உட்கார்ந்தார். "மகாபலேஷ்வரத்துல தேன்பெட்டி வேலை பாத்தேன்லா, அங்க ஒரு மராட்டிக்காரரு. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு. இழுப்பு உண்டு அவருக்கு. நான்தான் ஆசையா, சத்துன்னு சொல்லி இதைக் குடுத்தேன். என் கண்ணு முன்னால உதடு வீங்குச்சு. மலையில டாக்டர் வந்து சேரதுக்கு நேரமாயிருச்சு. அன்னையிலேர்ந்து யாரு வந்தாலும் நான் உதட்டைத்தான் பாக்கேன்."

தரையில் கிடந்த நாவல் பழத்தை எடுத்துத் தூரப் போட்டார்.

"நீ சத்தியம் பண்ணும்போதும் உன் உதட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. வீங்குதான்னு. கண்ணைப் பாத்திருக்கணும்."

மறுநாள் காலை குழாயடியில் எல்லோரும் குடத்தோடு நின்றபோது நான் சத்தமாகச் சொன்னேன். பாய் இழுப்பு உள்ளவர்களுக்குத் தர மறுத்தார், நான்தான் பொய் சொல்லி வாங்கி, நான்தான் கலந்தேன், அவர் வந்திராவிட்டால் என் வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை என்று.  பக்கத்து ரூம் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இதைச் சொல்ல எட்டு நாளா? வாய்க்குள்ள முருகன் கொலு இருந்தாராக்கும், அதான் திறக்கலை."

அந்தச் சொல் எனக்குத் தேவைதான். வாங்கிக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராயல் ஜெல்லி விஷம் இல்லை. அதே சீசாவிலிருந்து என் உதட்டில் தொட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டைபாய்டில் படுத்து எழுந்த பூக்கடைக்காரர் ஒரு மாதம் சாப்பிட்டு, பசி எடுக்கிறது என்று சொன்னதையும் கேட்டேன். எங்களுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பெண் பிறந்தாள். சோற்றுக்குப் பின்னால் சாப்பிட்ட மாத்திரை, பாய் செம்பூரிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்த முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கந்தன் கருணை. ராணிச் சோற்றுக்கு அதில் பங்கில்லை. பாய் சொன்னதுதான் சரி.

நான் குழாயடியில் சொன்னதற்கு அடுத்து வந்த சஷ்டிக்குத் தேன் வாங்க அவளும் என்னோடு கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்தாள். நாங்கள் போனபோது ஓர் ஆபீஸ்காரர் தன் அம்மாவுக்காக ராணிச் சோறு கேட்டுக்கொண்டிருந்தார். கூடவே அந்த அம்மாவும் இருந்தார். பாய் மூன்று கேள்வியும் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்தி, அந்த ஆபீஸ்காரரின் கண்ணை நேராகப் பார்த்து நாலாவதாக ஒன்று கேட்டார். நான் அதுவரை கேட்டிராத கேள்வி.

"நீங்க குடுக்கப் போறது என்னன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

அம்மாவே, "தெரியும், தெரியும்" என்றார்.

எங்கள் முறை வந்தது. நான் பின்னால் நின்றேன். என் மனைவி முன்னால் போய், "தேன் வேணும் அண்ணாச்சி" என்றாள்.

"எடுத்துக்கோ தாயீ. தேனுக்கு என்ன கேள்வி?"

"இல்ல, கேளுங்க."

பாய் என்னைப் பார்த்தார். கண்ணை. "அவங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள் அவள். "இனிமே எது வந்தாலும் நானே வாங்குதேன், நானே பிசையுதேன்."

பாய் மூங்கில் குச்சியை எடுத்துத் தேனில் தொட்டு, அவள் மணிக்கட்டில் தடவச் சொன்னார். பிறகு உதட்டில். காலம் காலமாக அவள் சாப்பிடுகிற தேன்தான். இருந்தாலும் உட்காரச் சொன்னார். அவள் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பூக்கடைக்காரர் மூன்று டீ சொன்னார்.

நான் பிடிக்க வேண்டிய ரயிலின் நேரம் தாண்டிப்போனது. கம்பெனியில் அரை நாள் சம்பளம் போனது. பாய் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் முழுதாக ஆன பிறகு அவர் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இப்பக் கொண்டு போ தாயீ. சாமிக்கு வையி."